தேரிக்காட்டில் ஒரு ராகுகாலக் கல்யாணம்

வெள்ளி இரவு, செந்தூர் எக்ஸ்பிரஸ்

ஞாயிற்றுக்கிழமை என் தோழிக்குக் கல்யாணம். மண்டபம் இல்லை, ஐயர் இல்லை, அக்னி இல்லை, தாலியும் இல்லை. இடம், உடன்குடி சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டு (செம்மணல் மேடுகள்) ஓரத்தில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுப் பனைவிளை, அதாவது பனந்தோப்பு. நேரம், மாலை 4.30 முதல் 6 மணி வரை. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் சரியாக அதுதான். பனை ஓலையில் அச்சடித்த அழைப்பிதழில் ‘ராகு காலத்தில்’ என்றே போட்டிருக்கிறார்கள்.

இரண்டு பேரின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. அவர்களின் சாதி வேறு வேறு. இந்தப் பக்கத்தில் அது சின்ன விஷயம் இல்லை என்பது தெக்கத்திக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வீடும் சம்மதிக்க நாலு வருஷம் ஆனது. வீட்டைவிட்டு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்ள அவர்களுக்கு எத்தனையோ வாய்ப்பு இருந்தது. பெரியவர்களை உட்காரவைத்துத்தான் செய்வோம் என்று பிடிவாதமாக இருந்தார்கள்.

அவள் அருப்புக்கோட்டைக்காரி. மதுரையில் ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்தோம். அவள் பள்ளிக்கூடம் படிக்கும்போதே அப்பா போய்விட்டார். தறி நெய்து இரண்டு பெண்களையும் படிக்கவைத்தது அம்மாதான். மாப்பிள்ளை பனையேறிக் குடும்பம். இன்ஜினியரிங் முடித்து கோயம்புத்தூரில் வேலை பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பி வந்து தாத்தாவிடம் பனை ஏறக் கற்றுக்கொண்டவர். இப்போது கருப்பட்டிதான் தொழில்.

நடுச்சாமத்துக்கு மேல் இந்த ரயில் விருதுநகரைத் தாண்டும். அங்கிருந்து கிழக்கே அருப்புக்கோட்டை, அதன் பக்கத்தில் சுக்கிலநத்தம். 1928-ல் பெரியார் முதல் சுயமரியாதைத் திருமணத்தை, இவர்கள் செய்யப்போவது போல ஐயரும் சடங்கும் இல்லாத கல்யாணத்தை, நடத்திவைத்த ஊர் அது. அப்புறம் ஊர் ஊராக ஆயிரக்கணக்கில் நடந்தன. ஆனால் 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், சடங்கு இல்லாமல் நடந்த அப்படிப்பட்ட கல்யாணம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அத்தனை குடும்பங்களும் சட்டத்தின் முன் என்ன ஆவது? பிள்ளைகளுக்குச் சொத்தில் உரிமை உண்டா? அண்ணா முதல்வராக இருந்தபோது, 1967-ல்தான் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று அந்தப் பிரிவிலேயே எழுதினார்கள். தோழி இந்த வரலாற்றைத் தன் சொந்த ஊர்க் கதையாகச் சொல்லுவாள். அவள் ஊர்க் கதைதானே!

எனக்கு இன்னொன்றும் நினைவில் இருக்கிறது. அவளுடைய அக்கா கல்யாணம் அருப்புக்கோட்டையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கெட்டிமேளம் கொட்டும்போது அம்மாவைத் தேடினேன். சமையல்கட்டு வாசலில், தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். தாரை வார்த்துக் கொடுத்தது பெரியப்பாவும் பெரியம்மாவும். அந்தச் செலவு அத்தனையும் அம்மா நெய்து சேர்த்த காசு. அன்றைக்குச் சாயங்காலம் தோழி என்னிடம், “என் கல்யாணத்துல எங்கம்மாதான் மாலை எடுத்துக் குடுப்பா. அவ முன்னாடி நிக்க முடியாத கல்யாணம் எனக்கு வேண்டாம்” என்றாள். கோபத்தில் சொன்னதாக அப்போது நினைத்தேன். இத்தனை வருஷமாக அதை மாற்றவே இல்லை.

சனி, விளையில்

திருச்செந்தூரில் இறங்கியதும் காற்று முகத்தில் அடித்தது. வைகாசிக் கடைசி, தென்மேற்குக் காற்று ஆரம்பித்துவிட்டது. டவுன் பஸ் பிடித்து உடன்குடி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வழி நெடுகப் பெயர்ப்பலகைகளில் ‘விளை’, ‘விளை’ என்று முடியும் ஊர்கள். முருங்கைத் தோட்டம், வாழை, அப்புறம் பனை. பனை என்றால் நாம் ரயில் ஜன்னலில் பார்க்கிற வரப்போரத்துப் பனை இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் பனை.

தேரியை முதல்முறை பார்ப்பவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல்தான் நிற்பார்கள். ரத்தச் சிவப்பில் மணல்மேடுகள். மணல் ஒவ்வொன்றின் மேலும் இரும்பு ஆக்சைடு படிந்து வந்த நிறம் அது. மலைக் கணவாய் வழியாக இறங்கி வரும் காற்று இந்த மணலை வருஷா வருஷம் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். நேற்று நடந்த ஒற்றையடிப் பாதை இன்றைக்கு இருக்காது என்கிறார்கள். உடைமரம், கொல்லாமரம், இடையிடையே பனை. குதிரைமொழித்தேரி காப்புக்காடு என்பதால் அதற்குள் விழா எதுவும் வைக்கவில்லை. விளை பட்டா நிலம், தேரி முடிகிற இடம்.

விளைக்குள் ஒரு விடிலி இருக்கிறது. பதநீர் காய்ச்சும் ஓலைக் கொட்டகை. மாப்பிள்ளையின் ஆச்சி அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தார். “வா பிள்ளே, ரயில்ல தூங்குனியா? இந்தா குடி” என்று பட்டையை நீட்டினார். பனை ஓலையை மடக்கிக் கட்டிய பட்டையில் பதநீர், அதில் நுங்கைத் தோண்டிப் போட்டிருந்தார். கலயத்தில் தடவிய சுண்ணாம்பு வாசம் லேசாகத் தெரிந்தது. அந்தச் சுண்ணாம்புதான் பதநீரைக் கள்ளாகாமல் தடுக்கிறது.

காலைப் பதநீர் முழுக்க அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. நுரை பொங்கி விளிம்புக்கு வந்தபோது ஆச்சி இடித்த ஆமணக்கு விதையைக் கொஞ்சம் தூவினார். பொங்கினது அப்படியே அடங்கிவிட்டது. வெள்ளையாக இருந்தது மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு கருஞ்சிவப்பாகக் குமிழ் விட்டது. துடுப்பிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்தார். உருண்டு வந்தது. “பதம் வந்துட்டு, இறக்கு” என்றதும் மாப்பிள்ளையும் அவர் தம்பியும் இறக்கினார்கள். நனைத்த சிரட்டைகளை மணலில் வரிசையாகப் பதித்து வைத்திருந்தார்கள், அவற்றில் ஊற்றினார்கள். பத்து லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோவோ ஒன்றேகால் கிலோவோதான் நிற்குமாம். கல்யாணத்துக்கு முந்தின நாளும் மாப்பிள்ளை மரம் ஏறியிருக்கிறார். பாளையை ஒரு நாள் சீவாமல் விட்டால் சுரப்பு அடைத்துக்கொள்ளும், பனைக்கு லீவு கிடையாது.

நாளைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற தாம்பூலப் பையும் இதுதான், ஓலைக்கொட்டானில் ஒரு கருப்பட்டி. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கடைத்தெருவில் சர்க்கரைப் பாகு கலந்த போலியும் அதே பெயரில் விற்கிறது. அதைப் பேச ஆரம்பித்தால் மாப்பிள்ளை நிறுத்துவதே இல்லை, அவர் கோபம் நியாயமானது.

மதியத்துக்கு மேல் பெண் வீட்டார் வேனில் வந்தார்கள். பெரியப்பாவும் வந்திருக்கிறார். இறங்கினவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி, “நேரத்தையாவது ஒரு மணி நேரம் முன்ன பின்ன மாத்தக் கூடாதா?” தோழி பதில் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அம்மாதான், “மூணரைக்கு வச்சா வெயிலு, ஆறரைக்கு வச்சா இருட்டு. நாலரைதான் அண்ணாச்சி நல்ல நேரம்” என்றார். பெரியப்பா சிரித்துவிட்டார்.

தோழியின் அம்மா பெட்டியைத் திறந்து சேலையை எடுத்தார். பட்டு இல்லை. தன் தறியில் தானே நெய்த பருத்திச் சேலை. அரக்கு உடல், மஞ்சள் கரை. நாளைக்கு அதைத்தான் கட்டப் போகிறாள்.

ஞாயிறு, இரவு வெகு நேரம்

இன்றைக்கு நடந்ததை நாளைக்கு எழுதினால் பாதி விட்டுப்போகும். தூக்கம் வந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் தோரணம் கட்டினோம். குருத்தோலையை ஊர்ப் பெண்கள் கிழித்து மடித்துக் கிளியும் மீனுமாகப் பின்னித் தந்தார்கள். மேடை என்று தனியாக எதுவும் இல்லை. மணலை ஒரு முழ உயரத்துக்குக் கூட்டி, தண்ணீர் தெளித்து மெத்தி, மேலே ஓலைப்பாய் விரித்தார்கள். பந்தல் போட வேண்டாம் என்று மாப்பிள்ளையின் தாத்தா நேற்றே சொல்லிவிட்டார், இந்தக் காற்றுக்குத் துணிப் பந்தல் நிற்காது. மேற்கே வரிசையாக நின்ற பனைகளும் அவற்றுக்குக் கீழே தட்டியாகக் கட்டிய காய்ந்த ஓலைகளும்தான் காற்றுக்கு மறைப்பு. அப்படியும் மணல் பறந்தது. வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள், தலையிலும் முகத்திலும் சுற்றிக்கொள்ள. பருத்தித் துண்டு, அதுவும் அருப்புக்கோட்டைத் தறியில் நெய்தது.

மூன்றரை மணிக்கெல்லாம் பனையேறிகள் வந்து சேர்ந்தார்கள். சாயங்காலம் பாளை சீவுகிற வேலையை இன்றைக்கு மட்டும் மத்தியானமே முடித்திருக்கிறார்கள். இடுப்பில் அருவாள்பெட்டி இல்லாமல், வெள்ளை வேட்டி சட்டையில். முன்வரிசை அவர்களுக்குத்தான். ஊர்க் கல்யாணங்களில் பதநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போகிறவர்கள் இவர்கள். ஒரு பெரியவர் உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே இருந்தார். மாப்பிள்ளை வந்து கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

கல்யாணத்துக்குத் தலைமை தாத்தா. அறுபது வருஷம் பனை ஏறியவர், இப்போது ஏறுவதில்லை. சட்டைப் பொத்தான் திறந்திருந்தது. மரத்தோடு உரசி உரசி நெஞ்சிலும் முன்னங்கைகளிலும் காய்த்துப்போன தோல், தொட்டால் மரப்பட்டைதான். மைக்கைப் பிடித்ததும் அவர் கை நடுங்கியது. பேச்சு மட்டும் தெளிவு. “நான் பேசத் தெரிஞ்சவன் இல்ல. எங்க அப்பா காலத்துல நாங்க இப்படி மைக்கு முன்னால நின்னதில்ல. இந்தப் பிள்ளைய ரெண்டும் எங்கள நிக்க வச்சிருக்கு. நல்லா இருக்கட்டும்.” இவ்வளவுதான் தலைமை உரை. வாழ்த்திப் பேசியவர்களில் வேறு சிலர் நிறையப் பேசினார்கள், அதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை.

அப்புறம் உறுதிமொழி. 7அ பிரிவு கேட்பது மிகக் கொஞ்சம். உற்றார் உறவினரோ நண்பர்களோ வேறு யாராவதோ முன்னிலையில், இருவரும் தங்களுக்குப் புரிகிற மொழியில், இவரை என் கணவராக, இவளை என் மனைவியாக ஏற்கிறேன் என்று சொல்ல வேண்டும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று போதும். இவர்கள் சொல்லவும் செய்தார்கள், மாலையும் மாற்றினார்கள்.

காற்றில் காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டது. தோழி அதை மடித்து இடுப்பில் செருகிவிட்டு மனப்பாடமாகவே சொன்னாள். துணையாக ஏற்கிறேன் என்பதோடு நிற்கவில்லை. சம்பாத்தியமும் சமையலும் இருவருக்கும் பொது. அவள் அம்மாவும் அவர் பெற்றோரும் இருவருக்கும் சமம். பிறக்கிற பிள்ளைக்குச் சாதி சொல்லிக் கொடுப்பதில்லை. அவள் வேலைக்குப் போவதை யாரும் ‘அனுமதிக்க’ வேண்டியதில்லை. அதையே அவரும் திருப்பிச் சொன்னார். முன்வரிசையில் ஒரு பனையேறி அண்ணாச்சி சத்தமாக “சரிதான்!” என்றார். கைதட்டல் அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

மாலை எடுத்துக் கொடுக்க அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

அவர் எழுந்திருக்கவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பக்கத்தில் இருந்த பெரியம்மாவைப் பார்த்து, “நீ போ அக்கா, நான் எதுக்கு?” என்றார். பெரியம்மா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா தரையைப் பார்த்தார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று தெரியவில்லை, எனக்கு ரொம்ப நேரம் போல இருந்தது. தோழி மேடையிலிருந்து இறங்கி வரவில்லை, கூப்பிடவும் இல்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது அடுப்படி ஆச்சி எழுந்தார். அவரும் கணவர் இல்லாதவர்தான், தாத்தாவின் கூடப்பிறந்த அக்கா. முப்பது வருஷமாக எந்தக் கல்யாண மேடைக்கும் போகாதவர் என்று பின்னால் தெரிந்தது. நேராக வந்து அம்மாவின் கையைப் பிடித்தார். “வாங்க மதினி. நீங்க ஒண்ணு எடுத்துக் குடுங்க, நான் ஒண்ணு எடுத்துக் குடுக்கேன்.”

இரண்டு பேரும் போனார்கள். தாம்பாளத்தில் இரண்டு மாலை இருந்தது. தோழியின் அம்மா மாலையை எடுத்தபோது விரல்களைப் பார்த்தேன். நூல் ஓடி ஓடி ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் கோடு விழுந்திருக்கிறது. மாலையை மகள் கையில் கொடுத்துவிட்டு, அதே விரலால் அவள் நெற்றியில் ஒட்டியிருந்த சிவப்பு மணலைத் துடைத்துவிட்டார். ஆச்சி மாப்பிள்ளையிடம் கொடுத்தார். மாலை மாற்றினார்கள். ஐந்து மணி பத்து நிமிஷம். ராகு காலம் பாதி ஓடியிருந்தது. அழாதவர்கள் அங்கே இல்லை, நானும் அழுதேன், பெரியப்பாவும் அழுதார். பின்னால் நின்றிருந்த ஊர்ப் பெண்களில் சிலர் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு முன்னால் நகர்ந்து வந்தார்கள். அவர்களில் இருவர் குங்குமம் இல்லாத நெற்றிக்காரர்கள்.

கணவனை இழந்தவள் மங்கலக் காரியத்தில் முன்னால் வரக் கூடாது என்று யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் கடைப்பிடிக்கிறோம். திட்டுவதோ தள்ளுவதோ வேண்டியதில்லை, அவர்களே ஒதுங்கிக்கொள்வார்கள். அப்படிப் பழக்கி வைத்திருக்கிறோம். மண்டபம் வேண்டாம், பட்டு வேண்டாம் என்பதெல்லாம் இந்தக் கல்யாணத்தில் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த அம்மாவை நடு மேடைக்குக் கொண்டுவர ஒரு மகள் இத்தனை வருஷம் காத்திருந்ததுதான் எனக்குப் பெரிது.

சாப்பாடு ஆறரை மணிக்கு. கல்யாண வீட்டில் மீன் போடுவதா என்று யோசிக்கிறவர்களுக்குச் சைவப் பந்தி தனியாக இருந்தது. மற்றவர்களுக்குப் பாறை மீன் குழம்பு. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் இது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அதனால் மணப்பாட்டிலிருந்து நாட்டுப்படகு மீன் வந்தது, காலையில் பிடித்தது. முருங்கைக்காய் அவியல், வாழைக்காய்ப் பொரியல், இனிப்புக்கு ஓலைக்கொழுக்கட்டை. திருக்கார்த்திகைக்கு மட்டும் செய்கிற பண்டத்தை வைகாசியில் செய்யலாமா என்று ஒரு அத்தை கேட்டுக்கொண்டே நாலு வாங்கிச் சாப்பிட்டார். குருத்தோலைக்குள் வெந்த மாவும் கருப்பட்டியும் தேங்காயும், அந்த ஓலை வாசமும். இதை விவரிக்க முயல்வதைவிட நீங்களே ஒருமுறை சாப்பிட்டுவிடுவது நல்லது.

ராத்திரி வில்லுப்பாட்டு. சுடலைமாடன் கோயில் கொடைகளில் (திருவிழாக்களில்) பாடுகிற குழுதான். வில், குடம், உடுக்கை, ஜால்ரா எல்லாம் அதே. சாமி கதைக்குப் பதிலாக, ஒரு நெசவுக்காரி மகளும் ஒரு பனையேறி மகனும் எப்படிச் சந்தித்தார்கள் என்ற கதை. வீசுகோலை வில்லில் தட்டி அண்ணாவி (தலைமைப் பாடகர்) ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருந்தவர் “ஆமா” போட, விளை முழுக்கச் சிரிப்பு. இப்போதும் அங்கே சத்தம் கேட்கிறது. பெரியப்பா இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

திங்கள், திரும்பும் ரயிலுக்கு முன்

காலையில் விருந்தாளிகளில் பாதிப் பேர் மணப்பாட்டுக் கடலுக்குப் போனார்கள். நான் பதிவு அலுவலகத்துக்குப் போனேன், சாட்சிக் கையெழுத்துப் போட. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்தக் கல்யாணமானாலும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். இவர்கள் மறுநாளே போய்விட்டார்கள்.

ஆன்லைனில் முன்பே விண்ணப்பம் போட்டிருந்தும் உள்ளே ஒருவர், “மண்டப ரசீது எங்கே? கோயில் ரசீதாவது இருக்கா?” என்று கேட்டார். விளைக்கு ஏது ரசீது! தோழி பதற்றப்படவில்லை. பையிலிருந்து 7அ பிரிவின் நகலையும், இப்படிப்பட்ட கல்யாணத்துக்குப் பொதுச் சடங்கோ ஊரறிய அறிவிப்போ கட்டாயமில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் நகலையும் எடுத்து வைத்தாள். அழைப்பிதழ், மாலை மாற்றுகிற படம், தாத்தா கையெழுத்திட்ட திருமண உறுதிச்சீட்டு எல்லாம் இருந்தது. அதிகாரி உட்கார்ந்து முழுக்கப் படித்தார். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. மதியத்துக்குள் கையெழுத்து முடிந்தது.

நேற்றே கல்யாணப் படங்களைப் பார்த்துவிட்டு உங்களில் இரண்டு மூன்று பேர், நாங்களும் இப்படிச் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் செய்யலாம். உறுதிமொழியை எழுதி இருவரும் கையெழுத்திட்டு, தலைமை தாங்குகிறவரிடமும் வாங்கிக்கொள்ளுங்கள். முகம் தெரிகிற மாதிரி படம் எடுங்கள், வயதுச் சான்றும் முகவரிச் சான்றும் அசலாகக் கொண்டுபோங்கள். 7அ பிரிவு இருவருமே இந்துத் திருமணச் சட்டத்துக்குள் வருகிறவர்களாக இருந்தால்தான் பொருந்தும். மதம் வேறு என்றால் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், அதற்கேற்ப நாள் குறியுங்கள். இடத்தைப் பொறுத்தவரை, தேரிப் பக்கம் என்றால் பங்குனியோ சித்திரையோ வைத்தால் காற்றுக் குறைவு, பதநீரும் இருக்கும். வயதானவர்களுக்கு நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் முதலில், தோரணம் எல்லாம் அப்புறம்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளையின் தம்பி பைக்கில் கொண்டுவந்து விட்டார். மாப்பிள்ளை வரவில்லை, பாளை சீவப் போய்விட்டார். தோழி விடிலியில் ஆச்சியோடு இருக்கிறாள். அவள் அம்மா இன்னும் ரெண்டு நாள் தங்கிவிட்டுத்தான் அருப்புக்கோட்டை போவாராம். பெரியப்பா தனியாக இரண்டு கிலோ கருப்பட்டி வாங்கிக்கொண்டு வேனில் ஏறினார்.